சம்பளமாக ஒரு ஜன்னல்

யல்மாரி அவர்களுக்கு,
என் பெயர் சைமி. வனவியல், மூன்றாமாண்டு.
விடுதியின் சலவை அறையில்
உலர்த்தி ஓடிய நாற்பத்தெட்டு நிமிடத்தில்
உங்கள் விளையாட்டின் இலவசப் பகுதியை முடித்தேன்.
துணி ஈரமாகவே இருந்தது.
இன்னொரு காசு போட்டு
இரண்டையும் மறுபடி ஓடவிட்டேன்.

சுடுவதற்கு யாருமில்லை அதில்.
விடியுமுன் ஊர்த்தெருக்களின் பனியை
ஒற்றை வண்டியால் தள்ளி முடிக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
விழித்தவர்கள் தெருவைப் பார்ப்பார்கள்.
தள்ளியவனைப் பார்ப்பதில்லை.

இதுவரை வாங்கியவர்கள் பதினொரு பேர்,
அதில் இருவர் என் அக்காமார்
என்று எழுதியிருந்தீர்கள்.
வெட்கப்படாமல் எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

யோயன்சூவில் எங்கள் வளாகத்துக்கு
நான் உங்கள் தண்டோராக்காரியாக இருக்கிறேன்.
முன் அனுபவம்: தொலைந்த சைக்கிளுக்கு ஓர் அறிவிப்பு.
சைக்கிள் கிடைக்கவில்லை;
அறிவிப்பை மட்டும் யாரோ
ஓரம் கசங்காமல் கழற்றி எடுத்துப் போனார்கள்.

சம்பளம் வேண்டாம்.
அந்த ஊரில் ஒரு ஜன்னல் வேண்டும்.
மூன்றாம் மாடி. விளக்கெரிய வேண்டும்.

*

பதில் ஒரே வரி:
ஜன்னல் தரலாம், பொய் எழுதாதே.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
'மெய்சிலிர்க்கும்' என்றெழுதி அடித்தேன்.
எனக்கு மெய் சிலிர்க்கவில்லை, கால்தான் மரத்துப்போனது.
'இந்த ஆண்டின் தலைசிறந்த':
ஜனவரி ஒன்பதுதான் ஆகிறது.
'நீங்கள் இதுவரை கண்டிராத':
எதை, பனியையா? இங்கேயா?

வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பு
ஆடை கட்டும்வரை பேனாவைக் கடித்தேன்.
எதிரே ஓனெர்வா.
"என்ன விற்கிறாய்?"
"ஒன்றும் நடக்காத ஒரு மணி நேரம்."
"எவ்வளவு?"
"நான்கு யூரோ."
"அது எனக்குத் தினமும் சும்மாவே கிடைக்கிறதே"
என்று அப்பம் வாங்க எழுந்து போனாள்.

கடைசியில் எழுதியது:

நாளை காலை நீ நடக்கப்போகும் பாதையை
நான்கு மணிக்கு யாரோ ஒருவர் செய்கிறார்.
ஒரு மணி நேரம் அவராக இருந்து பார்.

அடியில் முகவரி அச்சிட்ட எட்டு வால்கள்,
கிழித்தெடுத்துப் போக.

நூலகம், பேருந்து நிறுத்தம், சலவை அறை.
பசை உறைந்துபோக, ஊதி ஊதி ஒட்டினேன்.

ஒரு வாரத்தில்
நூலகத்தில் இரண்டு வால் குறைந்திருந்தது.
ஒன்று நானே கிழித்தது.
பந்தியில் முதல் கையாக இருக்க
யாருக்கும் கூச்சம்தானே.
இதை யல்மாரியிடம் சொல்லவில்லை.

*

பத்தாம் நாள் விடியுமுன்,
வளாகத்தின் பனிவண்டி என்னருகே நின்றது.
எஞ்சினை அணைக்காமலே இறங்கினார் ரெய்யோ.
கையுறைக்குள் மடித்த ஒரு வால்.
"இதை ஒட்டியது நீயா?"

ஒட்டக்கூடாத சுவரோ என்று பயந்தேன்.

"மகன் கணினியில் விளையாடினேன்.
அலகைத் தூக்கும் நெம்புகோலை
இடப்பக்கம் வைத்திருக்கிறான்.
என் வண்டியில் வலப்பக்கம்.
அப்புறம், ஓரத்தில் அப்படிக் குவித்தால்
தபால்பெட்டி திறக்காது.
சொல்லிவிடு."

நன்றாக இருந்ததா என்றேன்.

கொஞ்சம் யோசித்தார்.
"மூன்று ராத்திரி விளையாடினேன்.
முடித்துவிட்டு நேரே வேலைக்கு வந்தேன்."

ஏறிப் போய்விட்டார்.
போன தடத்தில் மறுபடி
பொடிப்பொடியாக விழத் தொடங்கியது.

*

பிப்ரவரியில் புதிய பதிப்பு. மாற்றங்கள்:
நெம்புகோல் வலப்பக்கம்.
தபால்பெட்டிகள் இனித் திறக்கும்.
ஏழாம் தெரு, மூன்றாம் மாடி, ஒரு விளக்கு.

வாங்கியவர்கள் இப்போது பத்தொன்பது.
தண்டோரா என்று சொல்லிக்கொள்ள முடியாது;
ஒரு மேசையில் கரண்டி தட்டிய சத்தம்.

இன்றிரவு உலர்த்தி ஓடுகிறது.
ஏழாம் தெருவில் திரும்பி
என் ஜன்னலுக்குக் கீழே வந்ததும்
அலகைச் சற்றே உயர்த்தினேன், தரையில் உரசாமல்.
உள்ளே இருப்பது நான்தான்,
விழித்துத்தான் இருக்கிறேன்,
தெரியும்.
இருந்தாலும்.