கொடுக்கல் வாங்கல்

அலைவாங்கி என்று பெயர் வைத்தவர்
பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.
வாங்குகிற அதே மூச்சில்
கொடுக்கவும் வேண்டும் இது.
"ஓவர்" சொல்லி வாய்மூடிக்
காத்திருக்கும் வழக்கம் இதற்கில்லை.

தோசைக்கல் அகலத் தட்டில்
சுருண்டு கிடக்கின்றன நான்கு செப்புக் கைகள்.
நீண்ட அலைக்கு வெளிச்சுற்று,
குட்டை அலைக்கு நடு.
எதிரெதிர் இரண்டு பேச,
மற்ற இரண்டு கேட்க.
வாயிலிருந்து காதுக்குக் கசிவது
கூட்டலாய் ஒன்று, கழித்தலாய் ஒன்று வந்து
ஒன்றையொன்று தின்றுவிட வேண்டும்.
கணக்கு அவ்வளவுதான்,
நான்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்வரை.

சாட்ஸ்வர்த்தில் டயர்க்கடைக்கு மேல் மொட்டைமாடி.
தூரத்தில் டர்பன் கடலில்
முறைக்கு நிற்கும் கப்பல்கள்.
ஞாயிறு வரை அறுபது டெசிபல் தடுப்பு:
பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கசிவு.
திங்கள் காலை முப்பத்தெட்டு.

படையாச்சி கேபிளை மாற்றினார்.
இணைப்பிகளை மாற்றினார்.
என் பற்றவைப்பைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார்.
செவ்வாய் நாற்பத்தொன்று.
வியாழன் நாற்பத்தாறு.
யாரும் தொடாமலே தேறிக்கொண்டிருந்தது;
அதுதான் பயமாக இருந்தது.

பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்த லுங்கிலே
சிரித்த சிரிப்பு கீழே கடைவரை கேட்டது.
மூன்றாம் கையின் முதுகில்
கட்டைவிரல் அளவு மண்.
குளவிக்கூடு.
ஈரம் காயக் காய எங்கள் எண்
ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகுமாம்.
நான்கு நாளாய்
நாங்கள் அனுப்பியதே எங்களைக் கொட்டி
காது மெல்ல வாயாகிக்கொண்டிருந்தது.

படையாச்சி திருப்புளியை எடுத்தார்.
"ஏன் இடிக்கணும்?
மற்ற மூன்றுக்கும் ஒன்று கட்டு" என்றாள் லுங்கிலே.
டயர்க்கடைப் பூந்தொட்டி மண்.
சமையல் தராசில் நிறுத்து மூன்று உருண்டை.
குளவியின் கைத்திறன் எங்களுக்கு வரவில்லை.
என்றாலும், காய்ந்தபின்,
ஐம்பத்தேழு.

அன்று மாலை நாங்கள் முழுவேகத்தில் பேசிக்கொண்டிருக்க
எங்கள் சத்தத்துக்கு அடியில்
எந்தக் கப்பலின் மேல்தளத்திலோ ஒருவன்
கயிற்றேணி எங்கே என்று
இன்னொருவனைத் திட்டுவது கேட்டது.
நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை.
அவன் இருமியதும் கேட்டது.

மீதி மூன்று டெசிபல்?
உள்ளே புழு புரண்டு படுக்கிறது
என்கிறாள் லுங்கிலே.
அறிக்கையில் அந்த இடம்
இன்னும் காலியாக இருக்கிறது.