பிழை விகிதம்

லிமோஜ் நகரத்து அங்காடியில்
பால் பண்டங்களின் வரிசைக்கு மேல்
கறுப்புக் கண்ணாடிக் குமிழ் ஒன்று தொங்கும்.
கீழே அறிவிப்பு:
இக்கடையைச் செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கிறது.

அது நான்தான்.

அந்தனனரிவோவில், இசுத்ரி சந்தைக்குப் பின்னால்,
மூன்றாம் மாடியில்
ஒரு கால் ஆடும் நாற்காலியில் இருக்கிறேன்.
பெயர் வுவாஹிரானா.
இங்கே நாற்பத்தொன்று.

அங்கே பனி. இங்கே தகரத்தில் மழை.
துண்டு துண்டாக வரும் காணொளி,
ஒவ்வொன்றும் பன்னிரண்டு நொடி.
இரண்டே பொத்தான்:
திருட்டு. ஒன்றுமில்லை.
யோசிக்க நான்கு நொடி தருகிறார்கள்.
பழகிவிட்டால் நான்கு போதும்;
பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

சென்ற செவ்வாய், தலைமூடிச் சட்டை போட்ட பையன்
பைக்குள் கை விட்டான்.
இரண்டாம் நொடியிலேயே அழுத்திவிட்டேன்.
அடுத்த துண்டில் அவன் மூக்குச் சிந்தினான்,
கைக்குட்டையில்.
அதற்கடுத்த துண்டில் காவலாளி வந்துவிட்டார்.
அழுத்தியதைத் திரும்பப் பெற
மூன்றாவது பொத்தான் கிடையாது.
யார் சொன்னது என்று கேட்டிருப்பான்.
இயந்திரம் என்றிருப்பார்கள்.
இயந்திரத்துக்கு ஏது ஓரவஞ்சனை என்றும்.

இன்று ஒரு முதியவர்.
கோட்டில் ஒரு பொத்தானுக்குப் பதில் ஊக்கு.
வெண்ணெயை எடுத்தார், விலை பார்த்தார், வைத்தார்.
ஜாம் வரிசை வரை போய்த் திரும்பி வந்தார்.
கோட்டுக்குள் நழுவியது, கால் கிலோ, உப்புப் போட்டது.
பிறகு நிமிர்ந்து
குமிழைப் பார்த்தார். நேராக என்னை.

அகப்பட்ட முகங்களை எனக்குத் தெரியும்.
இது அந்த முகமில்லை.
எதிரில் யாரும் இல்லாதபோது
மனிதர் வைத்துக்கொள்ளும் முகம்;
குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும் தெரிந்தது.
அவருக்கு வெட்கமில்லை,
வெட்கப்பட அங்கே ஆள் இல்லை.
கூசியது நான்.
ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்
கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

தாழ்த்தியபடியே விரல்: ஒன்றுமில்லை.

இரக்கம் என்று சொல்லமாட்டேன்.
பையனுக்குப் பட்ட கடனை
முதியவரிடம் அடைத்தேனோ என்னவோ.
கடன் அப்படி அடைவதில்லை.

ஃபனிலு வந்தான், மேற்பார்வையாளன்.
"நாற்பத்தொன்று, உன் பிழை விகிதம் ஏறுகிறது.
இயந்திரம் உன்னால்தான் குழம்பும்."
அடுத்த ஆண்டு நாங்கள் தேவைப்படமாட்டோமாம்.
நாங்கள் அழுத்தியதையெல்லாம் தின்று
அது தானே பார்க்கக் கற்றுவிடுமாம்.
கற்கட்டும்.
அதன் வயிற்றில் எங்கோ
ஒரு கைக்குட்டை திருட்டாகவும்
ஒரு வெண்ணெய் ஒன்றுமில்லாமலும் கிடக்கும்.
இரண்டும் என் கை.

பதினொரு மணிக்கு இறங்கினேன்.
மழை விட்டிருந்தது. இறைச்சிக் கம்பி சுடுபவன்
சில்லறையில் இருநூறு அரியாரி கூடத் தந்துவிட்டான்.
ஈரத் தாள், உள்ளங்கையில்.
அவன் கரியை விசிறிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.
விளக்குக் கம்பத்தில் குமிழ் எதுவும் இல்லையென்று
எனக்குத் தெரியும்.
இருந்தும் நிமிர்ந்து பார்த்தேன்.