நூற்று இருபத்தைந்து மில்லிவினாடி

டிம்மின்ஸ். ஜனவரி. இரவு ஒன்று நாற்பது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார்கள் சுவரில் வயர் மாட்டிக்கொண்டு
என்ஜின் உறையாமல் உறங்குகின்றன.
மருத்துவமனையின் அடித்தள அறையில்
நானும் ஒரு ரவுட்டரும் விழித்திருக்கிறோம்.
விழித்திருப்பதாக நாற்காலியில் இருந்து
ரெஜானும் சொல்கிறார்.

இருநூற்று அறுபது கிலோமீட்டர் வடக்கே, ஹெர்ஸ்டில்,
மரம் வெட்டும் ஒருவரின் முழங்கால் வீங்கியிருக்கிறது.
போன வருடத்து எக்ஸ்ரே எங்களிடம் இருக்கிறது.
அனுப்பினால் போதும்.
பத்து மணியிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

இரவுத் தாதி ஜிசெல் போனில் சொல்கிறாள்:
"தொடை வந்தது. மூட்டுக்கு மேலே நின்றுவிட்டது."
மறுபடி அனுப்பினேன்.
"இப்போது தொடையே பாதிதான்."

எங்கள் பக்கம் அகலக் குழாய்.
அவர்கள் பக்கம் அறுபத்துநான்கு கிலோபிட்.
நடுவில் தொலைபேசிக் கம்பெனியின் ஃபிரேம் ரிலே,
ஒரு மேகம்.
உள்ளே நடப்பது தெரியாத எதையும்
வரைபடத்தில் அப்படித்தான் வரைவோம்.

மேகத்துக்குப் பொறுமை உண்டு, கொஞ்ச நேரம்.
பேசிய அளவுக்கு மேல் வரும் சட்டகத்தின் நெற்றியில்
ஒரு பிட்டை ஒன்றாக்கும்:
எறியத் தக்கது.
பிறகு எறியும்.
எறிந்ததை என் சர்வர் திரும்ப அனுப்பும்,
அதுவும் அதே அவசரத்தில்.
மெல்லப் போ என்று பின்னோக்கி வந்த எச்சரிக்கைகள்
நாலாயிரத்துச் சொச்சம்.
ரவுட்டர் ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்தது.
எண்ணத்தான் சொல்லியிருந்தோம்.
கேட்கச் சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மட்டகாமி ஆறு பனிக்கட்டியாய்க் கிடக்க
நான் அளக்க உட்கார்ந்தேன்.
வினாடிக்கு அறுபத்துநாலாயிரம் பிட்.
எட்டுக் கூறு போட்டால் கூறுக்கு எட்டாயிரம்.
நூற்று இருபத்தைந்து மில்லிவினாடிக்கு ஒருமுறை
கதவு திறக்கும், எட்டாயிரம் போகும்,
மீதி வரிசையில் நிற்கும்.
உபரி: பூச்சியம். கடன் கிடையாது.
எச்சரிக்கை வந்தால் இன்னும் குறை, பாதி வரைக்கும்.

இந்த விதிகளுக்கு ஒரு பெயர் வை என்றது திரை.
ரெஜானைக் கேட்டேன்.
"முழங்கால்," என்றார் கண் திறக்காமல்.
அதையே வைத்தேன்.
அடுத்த வருடம் இங்கே வருகிறவர் விழிக்கட்டும்.

நூற்று இரண்டாம் இணைப்பில் கட்டினேன்.
இந்த முனையில்தான் அது நூற்று இரண்டு,
ஹெர்ஸ்டில் இருநூற்று ஒன்று. பாதை ஒன்றே.
இந்த முனையில் நான் சுகிர்தா.
அந்த முனையில் ஜிசெல் என்னை சுஸெட் ஆக்கிவிட்டாள்.
குரல் போய்ச் சேர்கிறது.

"பதினேழு நிமிடம் ஆகும்," என்றேன்.
"மூன்று மணி நேரம் ஆகிவிட்டது," என்றாள்.
போனை வைக்கவில்லை இருவரும்.
அங்கே யாரோ இருமினார்கள்.
ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.
"தொடை," என்றாள்.
வெகுநேரம் கழித்து, "மூட்டு."
அப்புறம் மெதுவாக,
"சில்லில் ஒரு கோடு, சுஸெட்.
போன வருடமே இருந்திருக்கிறது."
பிறகுதான் கெண்டைக்கால் வந்தது.
அதை யாரும் பார்க்கவில்லை.

நினைவில் எழுது என்று கட்டளை தட்டினேன்.
தட்டாமல் விட்டால்
மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும்
பழைய அவசரக்காரனாகிவிடும்.

கார் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கிளம்பினேன்.
அல்காங்குவின் சாலையில் சிவப்பு விளக்கு.
நான்கு திசையிலும் ஒரு வண்டி இல்லை.
நின்றேன் என்று முடித்தால் கவிதைக்கு நல்லது.
நிற்கவில்லை.