ரே கைகொடுக்காது

புளியரை சோதனைச் சாவடிக்கு நூறடி முன்னால்
என் ஸ்டிக்கர் கடை.
நம்பர் பிளேட், ஒலி எழுப்பு, பருந்து,
கண்ணீர் விடும் ஒற்றைக் கண்,
பாதி தமிழ், பாதி மலையாளம்,
எல்லாம் வெட்டித் தரும் என் மிஷின்.

வைக்கோல் ஏற்றிப் புனலூர் போகிற பீர்க்கண்ணு
வண்டியை ஓரங்கட்டினான்.
"யக்கா, முன் கண்ணாடில மர்யம்னு வேணும். அரபில."

டைப் அடித்தேன். வந்தது,
நாலும் தனித்தனியாக,
அதுவும் இடமிருந்து வலமாக.
"என்னக்கா, நாலு பேரு பஸ்ஸுக்கு நிக்க மாதிரி இருக்கு.
ஒண்ணுக்கொண்ணு பேசவே இல்லியே."

எனக்கென்ன தெரியும்.
என் எழுத்து தனியே நின்று பழகியது.
பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும்
ம இம்மி நகராது.
தலையில் புள்ளி வைத்தால்
வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பில்லின் முதுகில் அவனே எழுதிக் காட்டினான், வலமிருந்து.
புரைதாவில் ஒன்பது வருசம்
தக்காளிப் பெட்டிக்குச் சீட்டு எழுதிய கை.
பள்ளிவாசல் நெற்றியில் எழுதுகிற பெரிய எழுத்து இல்லையாம் இது,
ருக்ஆ, அவசரக்காரன் எழுத்து.
கோட்டின்மேல் உட்காராது,
மேலே தொடங்கிச் சரிந்து இறங்கும்,
ஆரியங்காவிலிருந்து எஸ் வளைவில்
பிரேக்கை மிதித்து மிதித்து வண்டி இறங்குமே, அப்படி.
மீமுக்குக் கண் திறக்க நேரமில்லை, மையால் அடைத்துவிடும்.
யேயின் அடியில் இரண்டு புள்ளி வைக்கவும் பொறுமையில்லை,
இரண்டையும் இழுத்து
ஒரு சின்னக் கோடாக்கிவிடும்.

ஸ்கேன் செய்தேன். பேரின் நடுவில் ஓர் இடைவெளி.
மிஷினின் தப்பென்று
மவுஸால் இழுத்து மூடினேன்.
"மூடாதீங்கக்கா. அது அப்படித்தான்.
ரே வலது கைய மீமுக்குக் குடுக்கும்,
இடது கைய யாருக்கும் குடுக்காது.
ஆறு எழுத்து உண்டு அந்தக் குணத்துல."
திறந்தேன். எவ்வளவு விடணும் என்றேன்.
"ரொம்ப வேண்டாம்.
பாத்தா ஒரே பேருன்னு தெரியணும்."

பிள்ளைக்கு ஏழு வயது. அம்மாவோடு புனலூரில்.
ஞாயிறு மட்டும் பார்க்கலாமென்று பேச்சு.
நான் கேட்கவில்லை.
சில்லறை எண்ணும்போது அவனாகச் சொன்னது.

ஒட்டி அனுப்பி, வெட்டிய மிச்சத்தைச் சுருட்டும்போது
சாரல் பிடித்துவிட்டது.
முழங்கையில் ஏதோ உறுத்த, பார்த்தால்
அந்தச் சின்னக் கோடு.
அது இல்லாத யே வெறும் பல்லுதானாம்,
பேயோ, தேயோ, நூனோ,
யார் வாயிலும் முளைக்கும் பல்.

நகத்தில் தூக்கி, உள்ளங்கையால் குடைபிடித்து ஓடினேன்.
வாழைத்தார் லாரி, முட்டை லாரி,
கறிக்கோழி வண்டியின் நாற்றம்,
ஐந்தாவதாக அவன்.
பம்பரில் ஏறி, துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்தேன்.
உள்ளேயிருந்து அவனுக்குப் பேர் திரும்பித் தெரிகிறது.
"இடப்பக்கம்க்கா... இல்ல இல்ல, உங்களுக்கு இடம்,
எனக்கு வலம்... இன்னும் கீழ..."
பெருவிரலால் அழுத்தி இருபது எண்ணினேன்.
கோணலாகத்தான் ஒட்டியது.

"கெடக்கட்டும்," என்றான்,
"அவசரத்துல எழுதினா இப்படித்தான் இருக்கும்."

விசில் அடித்தார்கள். வரிசை நகர்ந்தது.
நான் தலையில் வைக்கோல் துரும்போடு
சாலையோரம் நின்றேன்.
கடையைச் சாத்தாமல் வந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.