எட்டில் எத்தனை மேகம்

சவரிமுத்து சார் வானத்தை எட்டாக வெட்டுவார்,
கழுத்தை ஒரு சுற்று சுற்றி.
எட்டில் மூன்று என்றால் மூன்று.
வாதாட முடியாது, நான் முயன்றிருக்கிறேன்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை அலுவலகத்தில்
இருவருக்கும் ராத்திரி ஷிஃப்ட்.
இரண்டரை மணிக்கு டார்ச்சோடு இறங்கி
வெப்பமானியைப் படித்து
ஐந்தைந்து எண்ணாகக் கட்டி
டெலிபிரிண்டரில் அனுப்புவோம்:
டெல்லிக்கு, கல்கத்தாவுக்கு, கொழும்புக்கு.
மேகத்துக்கு அக்கரை இக்கரை கிடையாதே.

அந்த வருஷம்
எல்லோருக்கும் திடீரென்று தேசத்தின் மேல் பாசம்.
புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது.
பெயரில்லை, "உண்மையுள்ள ஊழியன்" என்று மட்டும்.
பதவி உயர்வுப் பட்டியலில்
சாருக்கு அடுத்த பெயர் எதுவென்று
எங்களுக்கெல்லாம் தெரியும்.
தெரிந்து என்ன.

சனிக்கிழமை, டீக்கடைத் தட்டியில் மாலைப் பேப்பர் போஸ்டர்:
வானிலை அலுவலகத்தில் உளவாளி?
எழுத்து ஒரு முழம்.
கேள்விக்குறி சுண்டைக்காய் அளவு.

நூலக அறையில் விசாரணை.
மேஜைமேல், மன்னாரிலிருந்து தங்கை போட்ட ஏர்மெயில்
(பிள்ளைக்கு ஞானஸ்நானம், வர முடியுமா அண்ணா).
இலங்கை வானொலி எடுக்கிற ஒரு டிரான்சிஸ்டர்,
எங்கள் தெருவில் பதினாறு வீட்டில் இருந்தது அது.
நடுராத்திரி திறந்தவெளியில் டார்ச் அடித்ததாக
வாட்ச்மேன் கொடுத்த வாக்குமூலம்.
அப்புறம் அந்தத் தாள்:
10284 40086

"இதில் என்ன எழுதியிருக்கு?"
"இருபத்தெட்டு புள்ளி நாலு டிகிரி, சார். அடுத்தது காற்றழுத்தம்."
"அதை ஏன் நேராக எழுதவில்லை?"
"உலகம் பூரா இப்படித்தான், சார்."
உலகம் பூரா, என்று குறித்துக்கொண்டார் அதிகாரி.
அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
அந்த எண்களை நான் படித்துச் சொல்வேன்.
"எனக்குத் தெரிந்தவரை" என்று ஆரம்பித்து
"சார்தான் அனுப்புவார், நான் பார்த்ததில்லை" என்று முடித்தேன்.
மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, அது காரணமில்லை.
பயம். வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

எங்கள் குறியீட்டில்
பார்க்காததற்கும் ஒரு குறி உண்டு: சாய்கோடு.
கருவி உடைந்தால், புயலில் கம்பி அறுந்தால்
எண் வரவேண்டிய இடத்தில் போடலாம்.
கருவி நன்றாக இருக்கும்போது போடக்கூடாது.

பதினொரு மாதம்.
ராயபுரம் கோயிலில் அவர் பெஞ்சில்
நாலு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்களாம்.
வீட்டுக்காரர் வாடகையை வாங்காமல் சாவியைக் கேட்டாராம்.
"சிலோன் மீனா வேணும்?" என்று
ஃபிலோமினா அக்காவிடம் ஒருத்தி சிரித்தாளாம்.
எல்லாம் "ஆம்" போட்ட செய்திகள்.
நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியில் உத்தரவு வந்தது:
குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.
குற்றமற்றவர் என்றொரு சொல்
அரசாங்கத் தமிழிலும் இருக்கிறது. எழுதவில்லை.
அதற்குப் போஸ்டரும் ஒட்டவில்லை.

நவம்பர் காலையொன்றில்
குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.
நான் எழுந்தேன்.
எழுந்தவன், ஃபைல் எடுக்கத்தான் எழுந்ததுபோல
ஒரு ஃபைலை எடுத்தேன்.
"நேத்து ராத்திரி எவ்வளவு?" என்றார்.
"நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், சார்."
தலையாட்டினார்.
அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.
அது சமாதானம்தானா என்றும் தெரியாது.

இப்போது எனக்கு வளசரவாக்கத்தில் ஒரு மொட்டைமாடி.
பழக்கதோஷம், வானத்தை வெட்டிப் பார்ப்பேன்.
போகிப் புகையில் வானமே தெரியாத காலையில்
ஒன்பது என்று எழுத வேண்டும், அதுதான் விதி.
அப்படியொரு ஒன்பதில்
கீழ்வீட்டுப் பையன் இருமிக்கொண்டே கைபேசியை நீட்டினான்.
யாரோ ஒரு பெண்.
கழுத்தைத் திருப்பி மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
"தேசத்துரோகி, அங்கிள். பார்த்தீங்களா?"

"நீ பார்த்தியா?" என்றேன்.
குரல் கரகரத்தது, புகைதான்.

அதற்குள் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டிருந்தான்.