இருட்டறையில் தலைவிளக்கு

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி பதினாறிலும் திரும்பவில்லை.
ட்ரோம்சோ பேக்கரிக் கண்ணாடியில் எழுதிவிட்டார்கள்:
சூரிய பன், இருபத்தொன்றாம் தேதி,
முன்பதிவு உண்டு.

குன்வோர் இந்த இருட்டுக்குள்ளே இருக்கும்
இன்னோர் இருட்டுக்குப் போகிறாள்.
இரண்டு கதவு, இடையில் கறுப்புத் திரை.
கண் பழகும்வரை நின்று
மங்கலான பச்சை விளக்கைப் போடுகிறாள்.
பச்சை ஒளியை மட்டும் இந்த நாற்றுகள்
அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.
பச்சையாகப் போகிறவை பச்சையைப் பாராதது
அவளுக்கு இன்றும் சிரிப்பு.

தட்டில் நாலு நாள் வயது.
கடுகுக்குத் தூரத்து உறவு, கடுகின் முன்னால் தூசி.
விதை கட்டிக் கொடுத்த சோறு தீருமுன்
மண்ணைத் தாண்டியாக வேண்டும்;
மண்ணே இல்லாத தட்டில்
இல்லாத மண்ணைத் தாண்டத்
தண்டை இழுத்து இழுத்து நீட்டியிருக்கின்றன.
நுனியில் ஒரு கொக்கி.
கொக்கிக்குள் ஒட்டிக் கிடக்கும் இரண்டு வித்திலை.
நிறத்துக்குப் பசலை என்று ஒரு சொல் இருக்கிறது.
அவள் மொழியில் இல்லை.

காற்றாடி பழுதுபார்க்கும் ஆஸ்லக்கிடம்
ஒருமுறை சொல்லியிருக்கிறாள்:
ஜிப்ரெலின் விரட்டுகிறது, நீளு, இன்னும் நீளு.
எத்திலீன் அதட்டுகிறது, தலையைத் தூக்காதே.
சைட்டோகைனின் ஓரமாய் நின்று
இலையை விரிக்கலாமே என்கிறது,
யார் கேட்கிறார்கள்.
சில புரதங்களுக்கு ஒரே வேலை:
பச்சையம் செய்யும் ஜீன்களின்மேல் கை வைத்து
அமுக்கிக்கொண்டே இருப்பது.

எங்கள் வீட்டு ஞாயிறு மாதிரி, என்றான் ஆஸ்லக்.

ஆனாலும் உள்ளே அடுப்பு மூட்டியாயிற்று.
மஞ்சள் கணிகம் ஒவ்வொன்றிலும்
மடித்து வைத்த வலைப்பின்னல்,
அதில் பச்சையத்துக்கு ஒரு படி முந்திய பொருள்,
கொஞ்சமே கொஞ்சம்.
எல்லாம் தயார்.
ஒளி ஒன்றுதான் பாக்கி.

காலை ஆறு பதினாலு.
காற்றாடி நின்றுவிட்டதென்று
முதல் கதவைத் திறந்து, இரண்டாவதைத் திறந்து,
திரையை விலக்கி,
"குன்வோர்?" என்று திரும்பினான் ஆஸ்லக்.
நெற்றியில் தலைவிளக்கு.
இந்த ஊரில் இந்த மாதத்தில்
அது எரிவதே யாருக்கும் நினைவிருப்பதில்லை.

வெள்ளை வட்டம் தட்டின்மேல்,
ஒரே ஒரு நொடி.

அவன் வாய் மன்னிப்புக்குத் திறக்குமுன்பே
காத்திருந்த பொருள் பச்சையத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.
பைட்டோகுரோம் உருமாறி
உட்கருவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது,
அமுக்கியிருந்த கைகளை எடுக்க.

அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.
அதை இங்கே எழுத வேண்டாம்.
பதினொரு வார வேலை.
பிறகு மூச்சை விட்டு,
"சரி, பெரிய விளக்கையும் போடு" என்றாள்.

காபி வந்தது. ஆறியது.
கொக்கிகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன.
வித்திலைகள் விலகின, ஒரே நேரத்தில் அல்ல,
வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகள் போல
இங்கொன்று, அங்கொன்று.
மதியம், வெளியே ஒரு மணி நேர நீலம் வந்து போனபோது
தட்டில் பச்சை என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.
ஆஸ்லக் காற்றாடியை இன்னும் தொடவில்லை.

மூன்றாம் வரிசை மட்டும் வேறு.
அமுக்கும் கை இல்லாமல் பிறந்தவை.
இருட்டிலேயே குட்டையாய் நின்று
இலை விரித்து, வெளிச்சம் வந்ததாகவே பாவித்து,
அந்தப் பொருளை அளவில்லாமல் சேர்த்து வைத்திருந்தன.
ஒளி வந்தது.
சேர்த்ததே தீயானது.
மறுநாள் அந்த வரிசை
காகிதம் போல வெளுத்துக் கிடந்தது.

"செத்துவிட்டதா?"
"ம்."
"வெளிச்சத்தாலா?"
அவள் தட்டைத் திருப்பி வைத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி மேகம்.
குன்றின்மேல் பள்ளிப் பிள்ளைகள்
தெற்கைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.
சூரியன் வரவில்லை. பன் வந்தது.
ஆஸ்லக் இரண்டு வாங்கி
இருட்டறைக்கு வெளியே நின்று தட்டினான்,
தலைவிளக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு.

குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்:
ஜனவரி 16, 06:14. ஒளி.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு பெயர்.