எதிர்பாராதவை: பத்து விழுக்காடு

ரெஜைனாவின் கிழக்கோரம் ஒரு வெற்று நிலம்.
நான்கு மூலைக்கும் மரக்குச்சி,
குச்சிக்கு ஆரஞ்சு நாடா.
பிப்ரவரிக் காற்று அதைப் பிய்க்கப் பார்க்கிறது.
இன்னும் ஒரு செங்கல் இல்லை.
அதற்குள் கட்டடம்
அறுபத்திரண்டாயிரம் டாலர் கூடிவிட்டது.

இல்லாத சுவருக்கு விலை சொல்வது என் வேலை.
வரைபவர் வேறு, எழுப்புபவர் வேறு,
நடுவில் நான்,
திரையில் இருநூற்றுப் பதினோரு வரிகளோடு.

கீழே மளிகைக்கடை.
மேலே பல் மருத்துவர், ஒரு கணக்காளர்,
இன்னும் பெயர் வைக்காத மூன்றாம் வாடகைக்காரர்.
வங்கிக்கு மட்டும் அவரை நன்றாகத் தெரியும்:
மாதம் தவறாமல் நாலாயிரத்து எண்ணூறு தருபவர்.

மண்ணைத் துளைத்துப் பார்த்த டாரில் அனுப்பிய அறிக்கை
முப்பத்தாறு பக்கம். சாரம் ஒன்றுதான்:
இந்தக் களிமண்
நீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும்,
எதையும் சும்மா சுமக்காது.
ஆகவே தரைக்குக் கீழே பதினோரு மீட்டருக்கு
யாரும் பார்க்கப்போகாத தூண்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள்;
நாங்கள் மண்ணில் போடுகிறோம்,
மீட்டருக்கு இவ்வளவு என்று.

இரும்புக்கு வந்த விலைப்புள்ளியின் அடியில்
சின்ன எழுத்து: முப்பது நாள் வரை செல்லும்.
நகராட்சிக் கடிதத்தின் அடியில்:
அனுமதிக்குத் தொண்ணூறு நாள் ஆகலாம்.
இந்த இரண்டு வாக்கியங்களும்
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
என் மேசையில்தான் முதல் சந்திப்பு.

வியாழன் மாலை வந்தார்கள்.
குகபாலன் சப்பாத்துப் பனியைத் தட்டாமலே உட்கார்ந்தார்.
விரல் நேராக இருநூற்றெட்டாம் வரிக்குப் போனது.
"எதிர்பாராதவை. இதென்ன செலவு?"
தெரியாது என்றேன்.
"தெரியாததுக்கு நாலு லட்சமோ?"
தெரியாததற்குத்தான்.
தெரிந்ததெல்லாம் மேலே எழுதியாயிற்று.

வெட்டுங்கோ என்றார்.
வெப்பக்குழாய் மட்டும் டிக் டிக் என்றது.

பத்துப் பெட்டி தக்காளி எடுக்கிறீர்கள், பத்தும் விற்குமா?
"ஒண்டு அழுகும்."
எந்தப் பெட்டி?
அவர் கூரையைப் பார்த்தார்.
பத்மலோஜினிதான் சிரித்தார்:
"ஒம்பதிலதானே பத்தின்ர விலையையும் வைக்கிறனீங்கள்."

பிறகு பேரம். பத்து எட்டானது.
முகப்புக் கருங்கல் போனது.
லிப்டில் கை வைக்கப் பத்மலோஜினி விடவில்லை:
"பல்லு நோவோட ஆர் படி ஏறுறது?"
பெயர்ப்பலகை பன்னிரண்டடியிலிருந்து எட்டடி.
அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
சாஸ்கட்டூன்காரர் எழுத்துக் கணக்கில் விலை போடுகிறவர்;
புள்ளியும் ஒரு எழுத்தா என்று எழுதிக் கேட்டிருந்தார்.
பாலன் ஸ்டோர்ஸ்.
நான்கு புள்ளி.
"புள்ளி வேணும்," என்றார் குகபாலன்,
அன்று அவர் குறைக்கச் சொல்லாத ஒரே பொருள்.

கையெழுத்தானது. தூங்கப் போனேன்.

இரவு இரண்டே முக்காலுக்கு
யாரோ எழுப்பியதுபோல் விழிப்பு.
மே மாதம் அனுமதி என்றால் ஜூலையில் ஒப்பந்தம்,
தூணுக்குச் செப்டம்பர்,
தளத்துக்குக் காங்கிரீட் ஊற்ற
நவம்பர்.
நவம்பரில் இந்த ஊரில்
காங்கிரீட்டுக்கும் கூடாரம் வேண்டும்,
கணப்பு வேண்டும்,
காவலிருந்து வெப்பம் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
நான் எழுதவில்லை.

எழுந்து போய் எழுதினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
குளிர்கால வெப்பம், முப்பத்தெட்டாயிரம்.
எட்டு விழுக்காட்டிலிருந்து சத்தமில்லாமல்
எடுத்துக்கொண்டிருக்கலாம்.
விரல் அந்தக் கட்டம்வரை போயும் வந்தது.
ஆனால் நினைத்துவிட்டேனே,
இனி அது எதிர்பாராதது இல்லை.

கண்ணாடிக்கு வெளியே பனி,
யாரிடமும் விலை கேட்காமல்
விழுந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் குகபாலனைக் கூப்பிட வேண்டும்.
முதலில்
தக்காளி என்ன விலை என்று கேட்பேன்.